கிளியா, கிட்டா?

'வீட்டிலேயே செய்யலாம், செலவே கிடையாது' என்று ஆரம்பிக்கிற கைவினைப் பக்கங்களை ஒரு மாதமாகச் சேர்த்துவைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெண்கள் பத்திரிகைகளின் இலவச இணைப்புகள், கோடை விடுமுறைச் சிறப்பிதழ்கள், பழைய புத்தகக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் 'நீங்களும் செய்யலாம்' வகையறாக்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. சமையல் குறிப்பின் அச்சு. மேலே 'தேவையான பொருட்கள்', அதற்குக் கீழே 'செய்முறை', கடைசி வரியில் 'அழகான பென் ஸ்டாண்ட் ரெடி!'

அந்த 'ரெடி'யை விடுங்கள். 'தேவையான பொருட்கள்' பட்டியலைக் கவனியுங்கள். காலி ஐஸ்கிரீம் கப் ஒன்று என்று சாதுவாகத்தான் தொடங்கும். அடுத்த வரியில் அக்ரிலிக் பெயிண்ட் மூன்று நிறம். அப்புறம் தங்க நிற கிளிட்டர், சமிக்கி, குந்தன் கல், சாட்டின் ரிப்பன் இரண்டு மீட்டர், க்ளூ கன், அந்த க்ளூ கன்னுக்கு க்ளூ ஸ்டிக். காலி கப் மட்டும்தான் இலவசம். மற்றதையெல்லாம் வாங்குகிற காசில் கடையிலேயே ஒரு நல்ல பென் ஸ்டாண்ட் வாங்கி, மிச்சத்தில் நாலு பேர் காபி சாப்பிடலாம். பேனாவே பிடிக்காத வீடுகளில் பென் ஸ்டாண்ட் எதற்கு என்பது தனிக் கேள்வி.

பழைய புத்தகங்களில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்ட்ரா இருபது, தெர்மோகோல் கப் பத்து என்று கேட்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இந்த இரண்டுக்கும் தடை. அந்தப் பூச்செண்டைச் செய்வதற்கு நீங்கள் முதலில் சட்டத்தை மீற வேண்டும்.

இது ஏதோ பத்திரிகைக்காரர்களின் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. பள்ளிக்கூடங்களும் இதே பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டன. ராஜபாளையத்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் கேட்ட உரையாடல் இது:

"அண்ணாச்சி, நாளைக்கு ஸ்கூல்ல ஏதோ வேஸ்ட் பொருள்ல செஞ்சு எடுத்துட்டு வரணுமாம்."

"எந்த கிளாஸும்மா?"

"மூணாப்பு."

"ஐஸ் குச்சில கிணறு இருக்கு. பட்ஸ்ல வீடு இருக்கு. எது வேணும்?"

"எது ரேட் கம்மி?"

கிணறுதான் கம்மி. வாங்கிக்கொண்டு போனார்கள். மூணாப்பு அந்த நேரம் முழுவதும் மிட்டாய் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கிணற்றின் குச்சிகளில் ஐஸ் உட்கார்ந்ததே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுக்கட்டாகப் புதிதாக விற்கிறார்கள், நிறம் நிறமாக. கழிவுப் பொருளில் செய்வதற்கென்றே புத்தம் புதிதாகத் தயாரிக்கப்படும் கழிவு! அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. 'குடும்பத்தோடு செய்து மகிழலாம்' என்று இந்தப் பக்கங்கள் சொல்லும்போது குடும்பம் என்றால் அம்மா என்று அர்த்தம். மகிழலாம் என்றால் ராத்திரி பதினோரு மணி என்று அர்த்தம்.

அந்தக் கடைவாசலில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பால்கோவாவைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு (கஷ்டம்தான்) நேராகக் கோயிலுக்குள் போய் ஆண்டாளின் இடது கையைப் பாருங்கள். அதில் ஒரு கிளி இருக்கும். தங்கம் இல்லை, வெள்ளி இல்லை. இலை.

உடம்புக்கு மரவள்ளி இலை. இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும். வாலுக்கு அரளி மொட்டுகள், வெள்ளையும் சிவப்பும். மூக்குக்கு மாதுளம்பூ. கட்டுவதற்கு வாழை நார். கண்ணுக்கு மட்டும் துளி காக்காப்பொன். பசை கிடையாது, பெயிண்ட் கிடையாது. தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பல மணி நேர வேலை. தினமும் புதுசாகச் செய்ய வேண்டும். மறுநாள் அந்தக் கிளி யாரோ ஒரு பக்தர் கைக்குப் போய்விடும். அன்றைக்கு வேறு கிளி. புரட்டாசி பிரம்மோற்சவத்தின்போது ஆண்டாள் சூடிக் களைந்த மாலையோடு கிளியும் திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் மதுரைக்கு, கள்ளழகருக்கு.

பக்தியை உங்களுக்கு விட்டுவிடுகிறேன். நான் அதை ஒரு கைவேலையாக மட்டும் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தாலே அந்தக் கிளி, நான் சேர்த்துவைத்திருக்கும் அத்தனை இணைப்புகளையும் ஒரு கொத்து கொத்தி ஓரமாகத் தள்ளிவிடுகிறது.

மூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிளி மூக்குக்குச் சிவப்பு வேண்டும். நம் கைவினைப் பக்கமாக இருந்தால் என்ன சொல்லும்? 'சிவப்பு சார்ட் பேப்பரை மூக்கு வடிவில் கத்தரித்துக்கொள்ளவும்.' அவ்வளவுதான். ஆனால் மாதுளம்பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். சதைப்பற்றாக, வழவழப்பாக, கொஞ்சம் மெழுகு பூசின மாதிரி ஒரு சிவப்பு. பிடித்தால் கசங்காத கெட்டி. என்றைக்கோ ஒரு நாள், யாரோ ஒருவர் மாதுளைச் செடி முன்னால் நின்று 'இது கிளி மூக்குல்ல?' என்று நினைத்திருக்கிறார். கைவேலை என்பது அந்த விநாடியில் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் கட்டுகிற வேலை. இலையின் பச்சை கிளியின் பச்சையாகவே வருகிறது. எதற்கும் எதுவும் பூச வேண்டியதில்லை.

இந்தப் பார்வையைத்தான் 'தேவையான பொருட்கள்' பட்டியல் திருடிக்கொள்கிறது. பட்டியல் வந்துவிட்டால் தேட வேண்டியதில்லை. தேட வேண்டியதில்லை என்றால் பார்க்க வேண்டியதில்லை. குழந்தைக்கு மிஞ்சுவது ஒட்டுகிற வேலை. ஒட்டுவது சலிப்பான வேலை, ஆகவே அதுவும் அம்மாவிடம் போய்விடுகிறது.

கிளியின் இன்னொரு பெருமை, அது நிற்காது என்பது. நம் வீட்டு ஷோகேஸில் பாருங்கள்: கல்யாணமான புதிதில் செய்த மணிபர்ஸ், குரோஷா நாய்க்குட்டி, முத்து கோத்த திராட்சைக் கொத்து. எல்லாவற்றின் மேலும் பத்து வருஷத் தூசி. தூக்கிப் போடவும் மனசு வராது, செலவழித்திருக்கிறோமே. செலவில்லாமல் செய்ததைத்தான் சந்தோஷமாகத் தூக்கிப் போட முடியும். தூக்கிப் போட்டால்தான் நாளைக்கு வேறு ஒன்று செய்யத் தோன்றும்.

சரி, கிளியைப் பார்த்து உருகிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொண்டால் கட்டுரை சௌகரியமாக முடிந்துவிடும். ஆனால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அந்தக் கிளியைச் செய்கிறவர்கள் பரம்பரையாகச் செய்கிறார்கள். ஊர் பார்க்கிறது, செய்வதில்லை. அப்புறம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் சிவகாசி இருக்கிறது.

'குழந்தைகளோடு சேர்ந்து வீட்டிலேயே காகிதத்தில் செய்யும் எளிய பொருள்' என்று கேட்டால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? வாழ்த்து அட்டை, தோரணம், கப்பல். விருதுநகர் மாவட்டத்தில் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய யாரையாவது கேளுங்கள். 'தீப்பெட்டி' என்பார்கள். ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து ஆரம்பித்தது பெரிய சரித்திரம். அதன் சின்ன சரித்திரம் வீட்டுத் திண்ணைகளில் நடந்தது. பாட்டி, அம்மா, பிள்ளைகள் என்று வரிசையாக உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். கட்டை அடுக்குவார்கள், அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாகச் சொருகி வைப்பது. 'குரோஸ்' கணக்கில் கூலி. ஒரு குரோஸ் 144 பெட்டி. மலிவான, எளிய, குடும்பமே கூடிச் செய்கிற கைவேலைதான் அதுவும். நம் கைவினைப் பக்கம் கேட்கிற எல்லா லட்சணமும் பொருந்துகிறது. விடிவதற்கு முன்னால் கிராமங்களுக்கு பஸ் அனுப்பித் தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலமும் இருந்தது.

சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. நம் கைவினைப் பக்கங்களில் சின்ன விரல்களின் க்ளோசப் புகைப்படம் வருமே, 'பிஞ்சுக் கரங்களின் கைவண்ணம்' என்ற தலைப்போடு? இந்தப் படத்தின் பெயரைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தத் தலைப்பை வாய்விட்டுப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: சட்டத்துக்குப் புறம்பாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்கான நிதியில் சேரும். சட்டம், பள்ளிக்கூடம், மதிய உணவு, இயந்திரம் என்று பல காரணங்கள் சேர்ந்து இப்போது காட்சி மாறியிருக்கிறது. திண்ணைகள் ஓய்ந்திருக்கின்றன.

'கைத்தொழில்' என்றாலே தமிழ்நாட்டில் சிலருக்கு ஏன் சுருக்கென்று இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-ல் முதல்வரான காமராஜர் அதை எடுத்துவிட்டார். அவர் இதே மாவட்டத்து விருதுநகர்க்காரர். பிள்ளை கையில் எது இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் ஏன் ஒரு பென் ஸ்டாண்ட் சமாசாரத்தில் இழுக்கிறேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. குழந்தையின் கை யாருக்காக வேலை செய்கிறது என்ற கேள்வியைக் கேட்காமல் கைவினைப் புத்தகத்துக்கு மார்க் போட முடியாது. கூலிக்குப் பெட்டி ஒட்டிய கை முதலாளிக்காக ஒட்டியது. மார்க்குக்காக ஐஸ் குச்சிக் கிணறு தூக்கிக்கொண்டு போகிற கை பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக வேலை செய்கிறது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஒன்றில் பசி இருந்தது, மற்றதில் வெறும் அசட்டுத்தனம்தான். ஆனால் இரண்டிலும் அந்தப் பிள்ளை தனக்காக எதுவும் செய்துகொள்ளவில்லை. 'எனக்கு இது வேணும், நானே செஞ்சுக்குவேன், செஞ்சு உடைப்பேன்' என்று ஒரு பிள்ளை சொல்லும்படியாக ஒரு புத்தகம் இருக்கிறதா? நான் அப்படித்தான் அளக்கிறேன்.

இரண்டு புத்தகங்கள் தேறுகின்றன. இரண்டையும் எழுதியவர்கள் இந்தியர்கள். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட நூறு வருஷம்.

முதலாவது, சென்னையில் அடிசன் கம்பெனி 1893-ல் அச்சிட்டது. எழுதியவர் டி.சுந்தர ராவ். காகித மடிப்பில் ஜியோமிதி என்பது விஷயம். அப்போது ஜெர்மனியிலிருந்து ஃப்ரோபெல் என்பவரின் கிண்டர்கார்ட்டன் முறை உலகமெல்லாம் பரவிக்கொண்டிருந்தது. 1837-ல் அவர் ஆரம்பித்த பள்ளியில் குழந்தைகளுக்கு 'பரிசுகள்' என்று வரிசையாக விளையாட்டுப் பொருட்கள் உண்டு: பந்து, கட்டை, காகிதம். நல்ல யோசனை. ஆனால் நல்ல யோசனை எதுவும் பெட்டிக்குள் போகாமல் இருந்ததில்லை. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்ற விளையாட்டுப் பொருள் வியாபாரி அந்தப் பரிசுகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். இன்றைக்கு 'கிட்' என்கிறோமே, அதன் தாத்தா அங்கே இருக்கிறார்.

இந்தப் பரிசுகளில் காகித மடிப்புப் பெட்டி ஒன்று. அதில் இருநூறு கலர் சதுரத் தாள்கள், மடிப்புக் கட்டை, விளக்கப் படம். சுந்தர ராவுக்குப் புத்தக யோசனை வந்ததே அந்தப் பெட்டியிலிருந்துதான். முன்னுரையில் அதைச் சொல்லிவிட்டு, கையோடு பெட்டியை மெல்ல ஓரம் கட்டுகிறார். கலர் வேண்டியதில்லை, பளபளப்பு வேண்டியதில்லை, ஓரளவு தடிமனான எந்தத் தாளும் போதும். கருவி என்றால் ஒரு பேனாக்கத்தி, சில துண்டுக் காகிதம். முதல் பாடமே கோணல்மாணலான ஒரு தாளை மடித்துச் சதுரமாக்குவது. யோசித்துப் பாருங்கள், பெட்டிக்காரர் சதுரத்தைக் காசுக்கு விற்கிறார். இவர் சதுரத்தை நீங்களே செய்துகொள்ளச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். வியாபாரத்தின் அடிமடியிலேயே கை!

ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் தன் புத்தகத்தில் இதைக் குறிப்பிட்டார். அதைப் பார்த்துவிட்டு பெமன், ஸ்மித் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் தேடிப் பிடித்து 1901-ல் சிகாகோவில் மறுபதிப்பு கொண்டுவந்தார்கள். குறையும் சொல்லிவிட வேண்டும். புத்தகம் சதுரம், முக்கோணம், ஐங்கோணம் என்று நம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டே வந்து, திடீரென்று எண் தொடர்கள், கூம்பு வெட்டுகள் என்று மாடி ஏறிவிடுகிறது. சாதாரணக் குடும்பம் பாதிக்கு மேல் மூச்சு வாங்கும். வாத்தியார்களுக்காக எழுதின புத்தகம், அது தெரிகிறது. ஆனாலும் முதல் சில அத்தியாயங்களை யாராவது நல்ல தமிழில், பெரிய படங்களோடு கொண்டுவந்தால் நான் பத்துப் பிரதி வாங்கி விநியோகிக்கத் தயார்.

அவர் வழியில் ஒன்று, இப்போதே செய்யலாம். தினசரிப் பேப்பரின் ஓரத்து வெள்ளைப் பட்டையை நீளமாக, ஒரே அகலமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கயிற்றில் போடுவது போல அதில் ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள். மெதுவாக இறுக்கித் தட்டையாக அழுத்துங்கள். பக்கமெல்லாம் சமமான ஓர் ஐங்கோணம் கிடைக்கும். நீண்டிருக்கும் ஒரு முனையை மறுபடி உள்பக்கம் மடித்து வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே ஐந்து முனை நட்சத்திரம். காம்பஸ் இல்லை, ஸ்கேல் இல்லை, பைசா இல்லை. எட்டு வயசுப் பிள்ளை முதல் தடவை அந்த நட்சத்திரத்தைப் பார்க்கிறபோது அதன் முகத்தைப் பாருங்கள். பென் ஸ்டாண்ட் எதுவும் அந்த முகத்தைத் தராது.

இரண்டாவது புத்தகம், அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி மாதிரிகள் பற்றியது. 1975-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் என்ஜினீயரிங் முடித்துவிட்டு, புனேயில் டெல்கோ கம்பெனியில் லாரி செய்துகொண்டிருந்தவர். 1978-ல் லீவு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் நடந்த கிராமப் பள்ளி அறிவியல் திட்டத்துக்குப் போனார். அங்கே வாரச் சந்தையில் என்னென்ன மலிவாகக் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டு திரிந்தபோது கிடைத்த யோசனை: சைக்கிள் வால்வ் டியூப், தீக்குச்சி. டியூபைச் சின்னத் துண்டாக வெட்டி இரண்டு பக்கமும் குச்சியைச் சொருகினால் வளைகிற மூட்டு. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்துங்கள், அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து அழுத்துங்கள், கோணிக்கொண்டு சாய்சதுரமாகிவிடும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் மறுபடி கெட்டியாகிவிடும். கூரைச் சட்டத்திலும் ரயில்வே பாலத்திலும் மின்சாரக் கோபுரத்திலும் ஏன் அத்தனை முக்கோணம் என்று ஒருவரும் சொல்லாமலே விரலுக்குப் புரிந்துவிடுகிறது. ஆறு குச்சியில் பிரமிடு, பன்னிரண்டு குச்சியில் கனசதுரம். மூன்று குச்சி சேரும் இடத்துக்கு டியூபில் ஒரு ஓட்டை வேண்டும். அதற்கு அவர் ஊசி கேட்பதில்லை; கருவேல முள் போதும் என்கிறார். விருதுநகர் மாவட்டத்தில் தண்ணீருக்குப் பஞ்சம் வரலாம், கருவேல முள்ளுக்கு வராது.

இந்தப் புத்தகத்தில் 'ரெடி' கிடையாது. ஒன்று முடிகிற இடத்தில் 'இப்போது இதை அழுத்திப் பார்' என்று அடுத்தது ஆரம்பிக்கிறது. கைவினைப் பக்கத்துக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. தன் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகவே விட்டுவிட்டார். ஒரே ஒரு மனக்குறை: எல்லாப் பொம்மையும் கடைசியில் ஏதாவது ஓர் அறிவியல் தத்துவத்தின் வாசலில் போய் நிற்கிறது. ஒரு பொம்மை சும்மா சுற்றிவிட்டுப் போகக் கூடாதா? இதை அவரிடம் சொல்வதைவிட, அவர் பொம்மையை வாங்கி 'எக்ஸ்பெரிமென்ட் நம்பர் 4' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதவைக்கிற பள்ளிகளிடம் சொல்ல வேண்டும்.

எனக்கு இன்னொரு விதத்திலும் இந்தப் புத்தகம் முக்கியம். அதே தீக்குச்சி. அதே சின்ன விரல்கள். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளை ஒரு காலத்தில் சட்டத்தில் கட்டை அடுக்கிய குச்சியை, இன்னொரு பிள்ளை தன் இஷ்டத்துக்குக் கோபுரமாக அடுக்குகிறது. 14 வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி விலை 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. எந்தக் கைவினைக் கடையிலும் இரண்டு ரூபாய்க்கு இவ்வளவு சரக்கு கிடைக்காது. காலிப் பெட்டி வேறு மிச்சம். இரண்டு பெட்டிகளின் நடுவில் நூலை இழுத்துக் கட்டினால் டெலிபோன், நாலைந்தைக் கோத்தால் ரயில்.

அரவிந்த் குப்தா ஹோஷங்காபாத் சந்தையைச் சுற்றிப் பார்த்த மாதிரி இந்த இரண்டு ஊர்களையும் யாராவது சுற்றிப் பார்த்து ஒரு புத்தகம் எழுதக் கூடாதா? விஷயம் ஏராளமாகக் கொட்டிக் கிடக்கிறது. ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். மெல்லிய, பொடிக்கண் துணி. அதைப் பசை முக்கி, பலூன் மேல் சுற்றிக் காயவைத்து, பலூனை உடைத்தால் முகமூடிக்கு அடித்தளம் தயார். பசைக்கு மைதா காய்ச்சினால் போதும், அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்கள் பூச்சி வராமல் இருக்க. பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் அது வேண்டாம், அன்றைய பசையை அன்றே காய்ச்சிக்கொள்ளுங்கள்.

பனை இருக்கிறது. கோடையில் நுங்கு சாப்பிட்ட கூந்தலை எறியாமல் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பை நடுவில் கொடுத்துத் தள்ளினால் வண்டி. இதை யாரும் யாருக்கும் 'செய்முறை' எழுதிக் கற்றுத் தந்ததில்லை. ஓலையில் காற்றாடி, கிலுகிலுப்பை. பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி ஊதினால் பீப்பி. தொனி சரியாக வர நாலு இலை கிழியும், கிழியட்டும். மரம் இன்னும் இலை வைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் 'அந்தக் காலத்தில்' என்று பெருமூச்சு விட்டு எழுதுகிற கட்டுரைகள் நிறைய வருகின்றன. பெருமூச்சில் பீப்பி ஊத முடியாது. எந்த இலை, எவ்வளவு முற்றல், எந்தப் பக்கம் சுருட்ட வேண்டும் என்று யாராவது எழுதுங்களேன்.

அப்படி ஒரு புத்தகம் வந்தால் அதில் கிளிக்கும் ஓர் அத்தியாயம் வேண்டும். கோயில் கிளியை நகல் எடுப்பதற்கு இல்லை. அது இருக்க வேண்டிய கையில் இருக்கட்டும். உங்கள் தெருவில் இருக்கிற செடிகளுக்கு நடுவே ஒரு காக்காயைத் தேடச் சொல்லுங்கள். மூக்குக்கு எது? கருகின வாழைப்பூ மடலா, காய்ந்த புளியங்காயா? குருவிக்கு எது? பல்லிக்கு? அப்பா ஒரு தடவை தேடிப் பார்க்கட்டும், அவரும் குடும்பத்தில் ஒருவர்தான். அரளியைத் தொட்டால் கையைக் கழுவச் சொல்லுங்கள், அது விஷச் செடி. வாயில் வைக்கிற வயசுப் பிள்ளை இருந்தால் அரளியே வேண்டாம், செம்பருத்தி மொட்டு போதும்.

தீக்குச்சி விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. குச்சித் தலையின் மருந்தைச் சுரண்டுகிற வேலையைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள், அடுப்பங்கரையில் வேண்டாம். சுரண்டிய மருந்தைத் தண்ணீரில் கொட்டிவிடுங்கள். அதைப் பத்திரமாக ஒரு காலி ஐஸ்கிரீம் கப்பில் சேர்த்துவைத்து, 'இதை வைத்து என்ன செய்யலாம்?' என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.